கால் தசையையும் கணக்கில் சேர்ப்போம்

சர்க்கரை நோய்க்காகத் தொடர்ந்து மருத்துவம் பெறுவோரின் கோப்பைத் திறந்தால், அதில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு இருக்கும்; உணவுக்குப் பின் எடுத்த அளவு இருக்கும்; மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இருக்கும். சிறுநீரகம், கண், இதயம் ஆகியவற்றின் பரிசோதனை முடிவுகளும் இருக்கும். பாதத்தில் புண் உண்டானால் அதன் அகலமும் ஆழமும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், அந்த மனிதரை எழுந்து நிற்கவும் நடக்கவும் வைக்கும் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் எந்நிலையில் உள்ளன என்று சொல்லும் ஒரு வரியைக் காண்பது அரிது.

இதைச் சிறிய விடுபடலாக நாங்கள் கருதவில்லை. சர்க்கரை நோய் உருவாகும் இடங்களுள் தசை முதன்மையானது. அந்நோய் கால்களைத் தாக்கும்போது வலுவிழப்பதும் தசையே. புண்ணைக் காப்பதற்குக் காட்டும் அக்கறையைத் தசையைக் காப்பதற்கும் காட்ட வேண்டும். அந்தக் காவலின் பெரும்பகுதி மருத்துவமனையில் அன்று, வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

தசையின் வரவும் செலவும்

தசை இயங்குவதற்கு ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் தேவை. அதை உயிரணுவின் கைச்செலவுப் பணம் எனலாம். தசையில் எந்நேரமும் இருப்பிலுள்ள ஏ.டி.பி. கடும் உழைப்பின்போது ஓரிரு நொடிகளுக்கே போதுமானது. உடனே துணைக்கு வருவது பாஸ்போகிரியேட்டின். அது மேலும் பத்து நொடி அளவுக்குக் கைகொடுக்கும். அதற்குமேல் நீடிக்கும் எந்த வேலைக்கும், வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்கும்கூட, தசை குளுக்கோஸையும் கொழுப்பையும் எரித்தே ஆற்றல் பெற வேண்டும். அவற்றை எரிக்கும் உலைகள் உயிரணுவுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாத நிலையில் கிடைப்பது 2 மட்டுமே. இரத்த ஓட்டம் குன்றிய கால் ஏன் விரைவில் களைக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தசை செலவாளி மட்டும் அன்று. சேமிப்புக் கிடங்கும் அதுவே. நாம் உண்ட சோறும் இட்லியும் குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்தபின், இன்சுலினின் ஆணைக்கு இணங்கி அதன் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வது தசையே. கல்லீரல் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. உடலின் தசைகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிராம் சேமிக்கின்றன. அறுவடை நெல்லுக்குக் குதிர் எப்படியோ, உணவின் சர்க்கரைக்குத் தசை அப்படி. குதிர் சுருங்கினால் நெல் முற்றத்தில் கிடக்கும். தசை சுருங்கினால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கும்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்தக் குதிரின் கதவு எளிதில் திறப்பதில்லை. இன்சுலின் வந்து தட்டினாலும், குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திப் புரதங்கள் உயிரணுவின் மேற்பரப்புக்குப் போதிய அளவில் வந்துசேர்வதில்லை. உள்ளே உள்ள உலைகளும் மந்தமடைகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பிறந்து, தமக்கு நோய் வராமலே இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையை அடைந்திருந்த இளைஞர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் காந்தக் கருவியால் ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய தசை மைட்டோகாண்ட்ரியாக்களின் செயல்திறன், ஒப்பிடப்பட்ட மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. தசையின் தளர்வு, நோய் முற்றியபின் வரும் விளைவு மட்டும் அன்று. சிலரிடம் அது நோய்க்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்தியருக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யூட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆயினும் உடற்கொழுப்பு இங்கிலாந்தவருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு மிகுதி, தசை குறைவு என்னும் இந்த உடலமைப்பு நம் நாட்டில் பரவலாகக் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. “எடை சரியாகத்தான் இருக்கிறது” என்று ஆறுதல் கொள்வோர், அந்த எடையில் தசை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

காலில் நேரும் இரட்டை இழப்பு

நீண்டநாள் சர்க்கரை நோய் காலை இரண்டு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, இரத்தக்குழாய் அடைப்பு. மற்றொன்று, நரம்புப் பாதிப்பு. முதலாவது, தசைக்கு வரும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், சற்று நின்றால் வலி தணிவதும் இதன் அடையாளம். இரண்டாவது, தசைக்கு வரும் கட்டளையைக் குறைக்கிறது. நரம்பின் தூண்டுதல் கிடைக்காத தசை மெலிகிறது. தசைநார்களுக்கு இடையே கொழுப்பு படிகிறது.

2005-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. சர்க்கரை நோயாளிகளின் பாதத் தோலில் ஆக்சிஜன் நிறைவு குறைந்திருந்ததையும், நரம்புப் பாதிப்பு உடையோரிடம் அக்குறைவு மேலும் மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். பாதத்தின் சிறு தசைகளில் ஆற்றல் இருப்பு குறைந்திருந்ததையும் காந்தக் கருவி காட்டியது. தோலும் தசையும் ஒரே வறுமையில் வாடுகின்றன என்பதே இதன் சாரம்.

பாதத்தின் சிறு தசைகள் மெலிவதால் என்ன கேடு என்று சிலர் எண்ணலாம். அத்தசைகளே விரல்களை நேராக வைத்திருப்பவை. அவை வலுவிழந்தால் விரல்கள் பறவையின் நகம்போல் வளைகின்றன; முன்பாதத்தின் எலும்பு முனைகள் கீழ்நோக்கித் துருத்துகின்றன. உடல் எடை முழுவதும் அந்தச் சிறு இடத்தில் அழுந்துகிறது. அங்கே தோல் காய்த்து, காய்ப்பின் அடியில் திசு நைந்து, உணர்வற்ற பாதத்தில் வலியில்லாமலே புண் பிறக்கிறது. செருப்புக் கடித்ததனால் வந்த புண் என்று நாம் கருதும் பலவற்றின் பின்னே, பல ஆண்டுகளாக ஓசையின்றி நடந்த தசை மெலிவும் இருக்கிறது.

அன்பு தரும் ஓய்வு

கால் வலிக்கிறது என்று பெரியவர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் சொல், “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதே. தண்ணீர்ச் செம்பு கைக்கு வருகிறது. உணவுத் தட்டு கட்டிலுக்கு வருகிறது. கடைக்குப் போகும் வேலை பேரனுக்குச் செல்கிறது. இதில் உள்ள அன்பை எவரும் குறை சொல்ல இயலாது. ஆனால் தசை அந்த அன்பை அறியாது. தனக்கு வேலை இல்லை என்பதை மட்டுமே அறியும்.

ஓய்வின் விலை எவ்வளவு என்பதை அளந்தே சொல்லியிருக்கிறார்கள். நோயற்ற முதியோர் சிலரை 10 நாள் படுக்கையில் இருக்கச் செய்து ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்தே நாளில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசைத் திசுவை இழந்திருந்தனர். நோயற்றவர் நிலையே இதுவென்றால், இன்சுலினுக்கு இணங்காத, இரத்தம் போதாத, நரம்பு தளர்ந்த காலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வலியினால் ஓய்வு, ஓய்வினால் மெலிவு, மெலிவினால் சர்க்கரை ஏற்றம், ஏற்றத்தினால் மேலும் நரம்புக் கேடு என்று அந்தச் சுழல் தொடர்கிறது. அதை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அறுக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. குளுக்கோஸ் நுழையும் கதவுக்கு இன்சுலின் மட்டுமே திறவுகோல் அன்று. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையும் தன் சொந்த உழைப்புக்குச் செவிசாய்க்கிறது. ஒருமுறை நடந்ததன் பயன் அன்றோடு முடிவதில்லை. மறுநாள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், தசை இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. தொடர்ந்து பயின்றால் மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கையும் திறனும் பெருகுகின்றன. ஆகவேதான் நடையையும் தசைப் பயிற்சியையும் மாத்திரைக்குத் துணையாக அன்றி, மாத்திரைக்கு இணையாகவே எழுதித்தர வேண்டும் என்கிறோம்.

“வலிக்கும் காலை மேலும் வருத்துவதா?”

இது நியாயமான கேள்வி. குடும்பத்தினர் பலரும் கேட்பது. இரத்தக்குழாய் அடைப்பினால் நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் வலிப்போருக்கு, மேற்பார்வையுடன் கூடிய நடைப்பயிற்சியை உலகின் முதன்மையான மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. மிதமான வலி வரும் வரை நடப்பது, வலி தணியும் வரை நிற்பது, மீண்டும் நடப்பது என்பது அதன் முறை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம் இதைப் பயின்றோர் வலியின்றி நடக்கும் தொலைவு கூடுவது உறுதிப்பட்டிருக்கிறது. அடைப்பு அப்படியே இருந்தாலும், கிடைக்கும் ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை கற்றுக்கொள்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் உடையோர் அதை விடாமல் இப்பலனை எதிர்பார்த்தல் கூடாது.

ஆயினும் எல்லா வலியும் ஒரே வகை அன்று. படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், விரல் கறுத்தால், பாதத்தில் புண் இருந்தால், அல்லது புண் இல்லாமலே பாதம் சூடாகிச் சிவந்து வீங்கினால், நடக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன வீக்கம் பாத எலும்புகளும் மூட்டுகளும் சிதைவதன் தொடக்கமாக இருக்கலாம். அதில் நடப்பது பாதத்தையே உருக்குலைக்கும்.

புண்ணுள்ள பாதத்தின் மீது எடை விழாமல் காக்க வேண்டும் என்னும் பாடத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் புண்களுக்கு அடிப்படைக் காரணம் சதை அழுகல் அன்று, வலியுணர்வு இல்லாமையே என்று எடுத்துக்காட்டினார். அந்த அறிவே பின்னர்ச் சர்க்கரை நோய்ப் பாதத்தின் மருத்துவத்துக்கும் உதவியது. ஆனால் பாதத்துக்கு ஓய்வு தருவது வேறு. மனிதருக்கே ஓய்வு தருவது வேறு. ஒரு பாதம் கட்டுக்குள் இருக்கும்போதும், மருத்துவர் இசைவுடன் நாற்காலியில் அமர்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்கலாம். படுத்தபடி நேர்க்காலை உயர்த்தலாம். கைகளுக்கு இரப்பர்ப் பட்டைப் பயிற்சி தரலாம். இப்படித் தசைக்கு வேலை தந்துகொண்டே இருந்தால், புண் ஆறும் நாளில் எழுந்து நடக்க ஒரு கால் மிஞ்சியிருக்கும்.

குடும்பத்தினரிடம் நாங்கள் கேட்பது

முதலில், வேலையைப் பிடுங்காதீர்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது, மாடிச் செடிக்கு நீர் ஊற்றுவது ஆகியவை பெரியவருக்குச் சுமை அல்ல; அவருடைய தசைக்கு உணவு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடமாடச் செய்யுங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரண்டு மூன்று நாள் தசை வலுப் பயிற்சியும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கான பொதுப் பரிந்துரை. நடைபாதை இல்லாத தெருவில் முதியவரை அனுப்ப அஞ்சுவது இயல்பே. மொட்டை மாடியும் வீட்டுக் கூடமும் போதும். தனியே நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு உடன் ஒருவர் நடப்பதே பெரிய ஊக்கம்.

அடுத்து, பாதுகாப்பு. உணர்வு குறைந்த பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்பு போன்ற மென்மையான காலணி வீட்டுக்குள்ளும் தேவை. நடைக்கு முன்பும் பின்பும் பாதத்தை உள்ளங்கால் வரை பார்த்துவிடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் குளுக்கோஸை உடன் வைத்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே உண்ண வேண்டும். கண்ணின் விழித்திரைப் பாதிப்போ இதய நோயோ உடையவர்கள் பளு தூக்கும் பயிற்சியை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக, உணவு. சர்க்கரை ஏறிவிடும் என்று அஞ்சி உணவையே குறைத்து, கஞ்சியும் ரொட்டியுமாக நாளைக் கழிப்போர் பலர். தசைக்குப் புரதம் வேண்டும். சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் ஒன்றேனும் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சிறுநீரகப் பாதிப்பு உடையோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறைவும் நரம்பைக் கெடுக்கும். கால் எரிச்சல் எல்லாம் சர்க்கரையினால்தான் என்று முடிவு செய்யுமுன் அதைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

மருத்துவ அமைப்பு செய்ய வேண்டியது

நோயாளியிடம் “நடங்கள்” என்று மட்டும் சொல்வது மருத்துவம் ஆகாது. எவ்வளவு, எப்படி, எந்த வலியில் நிறுத்துவது என்று எழுதித்தர வேண்டும். இயன்முறை மருத்துவரைப் பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டும் உரியவராகக் கருதும் வழக்கம் மாற வேண்டும். சர்க்கரை நோய்ப் பிரிவில் அவருக்கு நிலையான இடம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை நோய் மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாமல், கால் வலுவிழந்தோர் அச்சேவையையும் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மூன்று பரிசோதனைகளைக் கேளுங்கள் என்று பரிந்துரைக்கிறோம். முதலாவது, 10 கிராம் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிப்பது. இரண்டாவது, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவது, விகிதம் 0.90 அல்லது அதற்குக் குறைவு எனில் காலில் அடைப்பு உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் இறுகிவிடுவதால் விகிதம் 1.40-ஐக் கடந்தும் வரக்கூடும். அப்போது கால் விரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். மூன்றாவது, செலவே இல்லாதது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14-க்குக் குறைவாகவும், பெண் 12-க்குக் குறைவாகவும் எழுந்தால் கால் தசை வலுவிழந்துவருகிறது என்று கொள்ளலாம். பாதத்தில் புண்ணோ, நிற்பதில் தடுமாற்றமோ இல்லாதவர்கள், சுவரில் சாய்த்த நாற்காலியும் அருகில் ஒருவருமாக வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

அந்த எண்ணைச் சர்க்கரை அளவு எழுதும் அதே நோட்டில், அதே பக்கத்தில் குறித்து வாருங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த நோட்டை எங்களிடம் கொண்டுவாருங்கள். சர்க்கரை அளவைப் பற்றிப் பேசும் அதே கவனத்தோடு அதைப் பற்றியும் பேசுவோம்.